தியாகி ஆவணங்களுக்கான காப்புத் தொகுப்பு: ராமநாதபுரம் உப்புக் காற்றுக்குத் தாங்குமா?

ஊர் நூலகம், பள்ளிக்கூட அருங்காட்சியகம், தியாகி குடும்பம் என்று பழைய காகிதம் வைத்திருப்பவர்களைக் குறிவைத்து ‘ஆவணக் காப்புத் தொகுப்பு’ என்று ஒன்று ஆன்லைனில் விற்கிறார்கள். ஒரே சரக்கு மூன்று நான்கு லேபிளில் வருகிறது, அதனால் பெயர் சொல்லிப் பயனில்லை. உள்ளே இருப்பவை: 40 செ.மீ. நீளம், 30 அகலம், 12 உயரத்தில் சாம்பல் நிற அட்டைப் பெட்டி 2, அமிலமற்ற மடிப்புத் தாளுறை 20, ஏ4 அளவு பாலியெஸ்டர் உறை 25, பத்து கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலம் 10, டிஜிட்டல் ஈரப்பதமானி, அமிலம் சோதிக்கும் பி.எச். பேனா, வெள்ளைப் பருத்திக் கையுறை 2 ஜோடி, ஆட்டு ரோம பிரஷ், ஜப்பானிய மெல்லிய தாள் 2, பசை காய்ச்ச மெத்தில் செல்லுலோஸ் தூள் 25 கிராம், பருத்தி நாடா, ஆங்கிலத்தில் கட்டம் போட்ட ஒரு பதிவேடு.

பெட்டியும் பாலியெஸ்டர் உறையும் கொடுக்கிற காசுக்குத் தகும். ஈரப்பதமானி பரவாயில்லை, சோதித்துப் பார்த்து வைத்துக்கொண்டால். சிலிக்கா ஜெல் சுத்தக் கண்துடைப்பு. கையுறையை வண்டி துடைக்க எடுத்துக்கொள்ளலாம். ஏசி ஓடும் சேமிப்பறையை மனதில் வைத்துச் சேர்த்த பொருட்கள் இவை. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடல் காற்று நேராக வீசும் வீடுகளில் இரும்பு பீரோவுக்குள் கிடக்கும் காகிதத்தின் பாடு வேறு.

இந்தக் கரையில் என்ன காகிதம் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சேதுபதிகள் காலத்துக்கு ராமலிங்க விலாசம் இருக்கிறது. 1798-இல் கட்டபொம்மன் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்த அந்த அரண்மனை மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. 1795-இல் சிறைப்பட்டு 1809-இல் காவலிலேயே இறந்துபோன முத்துராமலிங்க சேதுபதி, 1801-இல் தூக்கிலிடப்பட்ட மருது சகோதரர்கள் இவர்களைப் பற்றிய கும்பினிக் கடிதப் போக்குவரத்து எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் போன்ற இடங்களில் இருக்கிறது. அதற்கெல்லாம் சம்பளம் வாங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. நாதியில்லாமல் கிடப்பது 20ஆம் நூற்றாண்டுக் காகிதம்.

மலேயாவுக்கும் பர்மாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போன இந்தப் பக்கத்து ஆட்கள் பலர் 1943-க்குப் பிறகு நேதாஜியின் ஐ.என்.ஏ.வில் (இந்திய தேசிய ராணுவம்) இருந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த அடையாள அட்டை, நன்கொடை ரசீது, ஜப்பான்காரன் அச்சிட்ட பண நோட்டு, ஸ்டூடியோ படம். 1942 ஆகஸ்டில் திருவாடானைச் சிறையை ஊர் திரண்டு உடைத்துத் தியாகி சின்ன அண்ணாமலையை மீட்ட சமயத்து வழக்குகளின் நகல்கள். சிறையிலிருந்து வந்த தணிக்கை முத்திரை குத்திய கடிதங்கள். இவற்றைவிட அதிகமாக இருப்பது ஓய்வூதியக் கட்டு. 1972-இல் மத்திய அரசு தியாகிகள் ஓய்வூதியம் கொண்டுவந்தபோது, ஆறு மாதமாவது சிறையில் இருந்ததற்குச் சான்று கேட்டார்கள். சிறைச் சான்றிதழ், உடன் இருந்த கைதியின் சான்று, கெஜட்டட் அதிகாரி கையெழுத்திட்ட நகல், கருவூலத்துக்கு எழுதிய நினைவூட்டல் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கட்டு சேர்ந்தது. “எங்க ஐயா ஐ.என்.ஏ.ல இருந்தாரு” என்று சொல்லும் வீட்டில் போய்க் கேட்டால் முதலில் எடுத்துக் காட்டுவது அந்தக் கட்டைத்தான். சில சமயம் ஒரு மனிதர் சிறையில் இருந்ததற்கு மிஞ்சியிருக்கும் ஒரே எழுத்துச் சான்று அதுதான்.

எல்லாவற்றுக்கும் அளவுகோல் 75

சாப்பாட்டு உப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரத்திலேயே பிசுபிசுக்கும். காகிதத்துக்கு உகந்தது 45 முதல் 55. எங்கும் 65-ஐத் தாண்டினால் பூசணத்துக்கு வாசல் திறந்தாயிற்று. இந்தக் கரையில் 70-க்கு மேல் இருப்பதுதான் சாதாரண நாள். அதாவது, காற்றோடு வந்து தாள்மேல் படியும் உப்புத் தூசி ஆண்டில் பெரும்பகுதி ஈரமாகவே இருக்கும். குண்டூசி துருப்பிடிப்பதும், செம்பில் களிம்பு ஏறுவதும், சிறைக் கடிதத்தின் காப்பியிங் பென்சில் (ஊதாப் பென்சில்) எழுத்து ஊதாவாக ஊறிப் பரவுவதும் ஒரே காரணத்தால்தான்.

எந்தச் சன்னலை எப்போது அடைப்பது என்பதும் கரைக்குக் கரை மாறும். வாடைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் கடல் கொந்தளிக்கும். தொண்டி, தேவிபட்டினத்தில் வடக்கும் கிழக்கும் பார்த்த சன்னல்கள் உப்பை உள்ளே விடும். தெற்குக் காற்றான சோளகம் அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடா புரளும். கீழக்கரை, ஏர்வாடி வீடுகளுக்குத் தெற்கு வாசல் பகை. பீரோவை எந்தச் சுவரோரம் வைப்பது என்று இதை வைத்து முடிவு செய்யலாம். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி வைக்க வேண்டும். விற்பவர்கள் தரும் கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

தொகுப்பில் வரும் ஈரப்பதமானியை நம்புவதற்கு முன் சோதிப்பது எளிது. பாட்டில் மூடி ஒன்றில் பொடி உப்பு நிரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். உப்பு முழுதும் கரைந்துவிட்டால் தண்ணீர் கூடிவிட்டது என்று அர்த்தம். மூடியையும் மானியையும் ஒரே ஜிப் பையில் போட்டு, காற்றுப் புகாமல் அடைத்து, வெயில் படாத இடத்தில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் விட்டால் மானி 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் இனிமேல் எப்போதும் 5 கூட்டிப் படிக்க வேண்டும். மேலட்டையில் அந்த எண்ணை எழுதி ஒட்டிவிடுங்கள். இதற்குக் கல்லுப்பு வேண்டாம். வாலிநோக்கம் உப்பளத்திலிருந்து அள்ளிய கல்லுப்பு நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தாலும், சுத்திகரிக்காத உப்பில் இருக்கும் மக்னீசியம் அளவைக் கீழே இழுத்துவிடும். பாக்கெட்டில் வரும் தூள் உப்பே சரி. மலிவு மானிகள் ஐந்து புள்ளி முன்பின் காட்டுவது சகஜம். வருடம் ஒருமுறை இந்தச் சோதனையைத் திரும்பச் செய்தால் போதும்.

சிலிக்கா ஜெல் கணக்கு

இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எல்லோரும் ஏமாறும் இடம் இதுதான். ஒரு பெட்டிக்குள் இருக்கும் காற்றின் அளவு பதினான்கு லிட்டர்தான். அந்தக் காற்றில் உள்ள ஈரம் அரைக் கிராம்கூட வராது. ஈரம் முழுவதும் இருப்பது தாளுக்குள். 80 சதவீத ஈரப்பதத்தில் கிடந்த தாள் தன் எடையில் ஒன்பது, பத்து சதவீதம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும்; 50 சதவீதத்தில் அது ஆறு போலக் குறையும். பெட்டிக்கு நாலு கிலோ காகிதம் என்று வைத்தால் வெளியேற வேண்டிய தண்ணீர் ஏறக்குறைய 120 கிராம். உலர்ந்த சிலிக்கா ஜெல் 50 சதவீத ஈரப்பதத்தில் தன் எடையில் கால்வாசிதான் உறிஞ்சும். ஆக, ஒரு பெட்டிக்கே அரைக் கிலோ வேண்டும். தொகுப்பில் தருவது இரண்டு பெட்டிக்கும் சேர்த்து 100 கிராம்.

அதைவிடப் பெரிய கோளாறு, அட்டைப் பெட்டி காற்றை அடைக்காது. அடைக்காத பெட்டிக்குள் ஜெல் போடுவது அறை முழுவதையும் உலர்த்தப் பார்ப்பது. பொட்டலங்கள் சில நாளில் நிரம்பிவிடும். அதன்பின் அவை சும்மா கிடக்கும் மணிகள், அவ்வளவுதான். இந்தக் கரையில் செல்லுபடியாகும் வழி: விளிம்பில் ரப்பர் வளையமும் பக்கத்துக்கு ஒரு கிளிப்பும் உள்ள பெரிய பாலிபுரோப்பிலீன் பெட்டி (அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருக்கும்) ஒன்றை வாங்கி, அட்டைப் பெட்டியை அதற்குள் வைத்து, ஜெல்லை இரண்டுக்கும் நடுவே போடுவது. முக்கோணத்துக்குள் 3 என்றிருந்தால் அது பி.வி.சி.; கிட்டேயே சேர்க்க வேண்டாம்.

பொட்டலமாக வாங்காமல் கிலோக் கணக்கில் உதிரி மணியாக வாங்கிக் காடாத் துணிப் பையில் தைத்துக்கொள்வது லாபம். நீலத்திலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறும் வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, நஞ்சு. ஆரஞ்சு வகையை வாங்குங்கள். அது நிறைந்ததும் பச்சையாகும். திரும்ப உலர்த்த 110 முதல் 120 டிகிரி ஓவனில் மெல்லிய அடுக்காகப் பரப்பி இரண்டு மூன்று மணி நேரம். அதற்கு மேல் சூடேறினால் நிறம் காட்டும் தன்மை செத்துவிடும். வெயிலில் காயவைத்தால் போதும் என்று சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம், வெளிக்காற்றே ஈரமாக இருக்கும் ஊரில் அது நடக்காது. மானியைப் பெட்டிக்குள் கண்ணில் படும்படி வைத்துவிட்டு, 35-க்குக் கீழே இறங்கினால் கொஞ்சம் ஜெல்லை எடுத்துவிட வேண்டும். யுத்த காலத்து மட்டமான மரக்கூழ்த் தாள் அளவுக்கு மீறி உலர்ந்தால் மடிப்பில் அப்பளமாக ஒடியும்.

பெட்டியும் உறையும்

பெட்டி நன்றாக இருக்கிறது. பி.எச். பேனாவால் உள்பக்கம் ஒரு மூலையில் கோடு போட்டால் ஊதா நிற்கிறது; அமிலம் இல்லை. மஞ்சளானால் திருப்பி அனுப்பிவிடலாம். அந்தப் பேனா பெட்டியையும் புதுத் தாளையும் சோதிக்க மட்டும்தான், ஆவணத்தில் அதை வைத்துவிடாதீர்கள், கறை போகாது. மூலைகளில் இரும்புப் பின் அடிக்காமல் மடித்துச் செருகிய பெட்டி என்பது இந்த ஊருக்குப் பெரிய வரம். வேறொரு லேபிளில் வரும் பெட்டியில் மூலைக்கு நாலு ஸ்டேப்ளர் பின் இருக்கும். அதை வாங்கினால் முதல் மழைக்காலத்திலேயே துருக்கோடு இறங்கும்.

பாலியெஸ்டர் உறை 100 மைக்ரான், தெளிவானது, மணமில்லாதது. பி.வி.சி. கலப்பு உண்டா என்று பார்க்க, ஒரு செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி உறையின் ஓரத்தில் தொட்டு மறுபடி தீயில் காட்டினால், பச்சைச் சுடர் வந்தால் பி.வி.சி. இந்த உறையில் வரவில்லை. ஸ்டேஷனரிக் கடை ஃபைல் கவரில் வரும். சோதனையைத் திறந்த வெளியில் செய்யுங்கள், புகை நல்லதில்லை.

கோளாறு அளவில் இருக்கிறது. அந்தக் காலத்து அரசுக் காகிதம், மனு, நீதிமன்ற நகல் எல்லாம் ஃபுல்ஸ்கேப். நீளம் 34 செ.மீ. அளவில் வரும், ஏ4 உறையோ 30-ஐத் தாண்டாது. இரண்டு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஓய்வூதியக் கட்டில் முக்கால்வாசி இப்படித்தான். இங்கேதான் பலர் அடியை மடித்து உள்ளே தள்ளுகிறார்கள். கையெழுத்தும் முத்திரையும் இருப்பது அந்த அடியில்தான். ஃபுல்ஸ்கேப் அளவு உறை தனியாகக் கேட்டால் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் உறையே வேண்டாம், அமிலமற்ற மடிப்புத் தாளுறைக்குள் வைத்தால் போதும். பெட்டி 40 செ.மீ. இருப்பதால் மடிக்காமல் அடங்கும்.

படங்களைப் பாலியெஸ்டரில் போடச் சொல்கிறது கையேடு. குளிரூட்டிய அறையில் அது சரி. ஈரம் ஏறினால் படத்தின் ஜெலட்டின் படலம் இளகி பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது முகம் உறையோடு போய்விடும். கருப்பு வெள்ளைப் படங்களுக்குக் காகித உறையே மேல், அதுவும் காரம் சேர்க்காத வகை. பென்சில், ஊதாப் பென்சில் எழுத்து உள்ள கடிதத்தையும் பாலியெஸ்டரில் வைக்க வேண்டாம். அதன் நிலைமின்சாரம் உதிரும் எழுத்தை உரித்தெடுக்கும். புளித்த காடி வாசம் அடிக்கும் பழைய நெகட்டிவ் இருந்தால் அதைக் காற்றுப் புகாத பெட்டியில் அடைக்கவே கூடாது. அந்த ஆவி மற்ற எல்லாவற்றையும் சேர்த்து அரிக்கும்.

தொகுப்பு காப்பாற்ற முடியாத ஒன்று உண்டு: லேமினேஷன். ஜெராக்ஸ் கடையில் சூடான ரோலருக்குள் ஓடிய சிறைச் சான்றிதழைத் திரும்ப எடுக்கும் வழி இல்லை. அமிலம் உள்ளேயே அடைபட்டு, ஓரத்திலிருந்து ஈரம் ஏறி, தாள் பிளாஸ்டிக்குக்குள்ளேயே பழுப்பாகும். ஏற்கெனவே செய்தாகிவிட்டால் உரிக்க முயலாமல் அப்படியே படமெடுத்து வையுங்கள்.

துருப்பிடித்த குண்டூசியை இழுத்தால் தாளோடு வரும். பாலியெஸ்டர் உறையிலிருந்து இரண்டு சின்னத் துண்டு வெட்டி, ஊசிக்கும் தாளுக்கும் நடுவே மேலும் கீழும் நுழைத்து, மெல்லிய தட்டையான குச்சியால் ஊசியை நெம்பித் துருவை நெகிழவிட்டுப் பிறகு உருவ வேண்டும். திரும்ப எதையும் குத்த வேண்டாம். ஜெம் கிளிப்பும் இங்கே ஒரு வருடம் தாங்காது. ஒரு கடிதத்தின் பக்கங்களை ஒரே மடிப்புக்குள் வைத்தால் சேர்ந்தே இருக்கும்.

தாமிரப் பத்திரம்

சுதந்திர வெள்ளி விழாவான 1972-இல் தியாகிகளுக்கு எழுத்துப் பொறித்த செப்புத் தகடான தாமிரப் பத்திரம் வழங்கினார்கள். இந்தத் தொகுப்பில் உலோகத்துக்கென்று ஒன்றுமில்லை, ஆனால் வாங்குகிற வீடுகளில் பாதிப் பேரிடம் இருக்கும் பொருள் இதுதான். மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, ஆகஸ்ட் 15-க்குப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி, சந்தனம் குங்குமம் வைக்கிறார்கள். மரியாதைக்குச் செய்வதுதான். ஆனால் செம்புக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

புளியின் அமிலம், செம்பைக் காக்கும் பழுப்பு மேற்படலத்தைக் கரைத்துவிடும். உப்பும் சேர்த்துத் தேய்த்தால் குளோரைடு பொறித்த எழுத்தின் பள்ளங்களுக்குள் இறங்கித் தங்கும். அதன்பின் கடல் காற்றின் ஈரம் பட்டதும் வெளிர் பச்சை மாவு பூத்து வரும். தொட்டால் விரலில் ஒட்டும் இந்த வெளிர் மாவுதான் நோய். அடியில் செம்பு குழி விழும். வழவழப்பான பழுப்பும் கரும்பச்சையும் ஆபத்தில்லை, அவற்றைத் தேய்க்கவே கூடாது. பூத்த மாவை மென்மையான உலர்ந்த பிரஷால் தட்டி எடுத்து (தொகுப்பில் வரும் ஆட்டு ரோம பிரஷ் இதற்குப் போதும், பிறகு அதைத் தாளுக்குப் பயன்படுத்தாதீர்கள்), பத்திரத்தை அமிலமற்ற மெல்லிய தாளில் சுற்றி, காற்றுப் புகாத தனிப் பெட்டியில் ஜெல்லோடு வைக்க வேண்டும். இங்கே இலக்கு 40-க்குக் கீழே. தாளுக்கு 50, செம்புக்கு 40 என்பதால் இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்க முடியாது. கையேடு எல்லாவற்றையும் ஒன்றாகப் போடச் சொல்கிறது. ஐ.என்.ஏ. பதக்கம், பித்தளைப் பொத்தான் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

பிளைவுட், எம்.டி.எஃப். சட்டம் வேண்டாம், அவற்றிலிருந்து அமில ஆவி வரும். வெல்வெட் ஒட்டிய பரிசுப் பெட்டியின் பசையும் அப்படியே. மாவு தொடர்ந்து பூத்தால் அரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோல் பூசும் சிகிச்சை இருக்கிறது. அது பழகிய பராமரிப்பாளர் கையால் செய்ய வேண்டியது, வீட்டில் முயலக் கூடாது. சுவரில் மாட்டியே ஆக வேண்டும் என்றால் நல்ல வண்ண நகலை மாட்டிக்கொள்ளுங்கள், சந்தனம் அதற்கு வைக்கலாம்.

மற்றவை

கையுறை: பருத்தி நூல் தாளின் ஓரத்தில் மாட்டிக் கிழிக்கும், விரலுக்குத் தொட்டுணர்வும் போய்விடும். சோப்பால் கழுவி நன்றாக உலர்த்திய கையே தாளுக்கு நல்லது. படத்துக்கும் உலோகத்துக்கும் மருந்துக் கடை நைட்ரைல் கையுறை. பூசணம் கண்ட காகிதத்தைப் பிரிக்கும்போது என்95 முகக்கவசம் கட்டாயம்; தொகுப்பில் அது இல்லை.

மெத்தில் செல்லுலோஸ் சேர்த்தது புத்திசாலித்தனம். மைதாப் பசை என்றால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து. 100 மில்லி தண்ணீருக்கு 4 கிராம் தூள் தூவி, ஒரு இரவு ஊறவிட்டால் கெட்டியான பசை. ஜப்பானியத் தாளைக் கத்தரிக்காமல் ஈரக் கோடு போட்டுக் கையால் கிழித்தால் ஓரத்தில் இழை நீளும், அந்த இழைதான் பிடிப்பு. ராயல் ப்ளூ மையும் ஊதாப் பென்சிலும் உள்ள இடத்துக்கு இந்தப் பசையைக் கொண்டுபோகாதீர்கள், எழுத்து கரையும்.

பூச்சிக்கென்று தொகுப்பில் ஒன்றும் இல்லை. ஆகவே எல்லோரும் அந்துருண்டை போடுகிறார்கள். அது பூசணத்தைத் தடுக்காது, பிளாஸ்டிக்கை இளக்கும், மூச்சுக்குக் கெடுதல். பூச்சி இருக்கும் கட்டை இரட்டைப் பாலிதீன் பையில் காற்றை வெளியேற்றி அடைத்து, டீப் ஃப்ரீசரில் மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் முட்டையோடு சாகும். எடுத்த பிறகு ஒரு முழு நாள் பையைத் திறக்கக் கூடாது; திறந்தால் குளிர்ந்த தாள்மேல் நீர் முத்து முத்தாகப் படியும். மீன் வைக்கிற ஃப்ரீசரில் இடம் கேட்டு வாங்காதீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. படமும் கண்ணாடி நெகட்டிவும் இந்த வைத்தியத்துக்கு ஆகாது. கறையானுக்கு ஃப்ரீசர் உதவாது, அது தரையிலிருந்து வருவது. பீரோவின் காலைச் சுவரிலிருந்து தள்ளி வைத்து, மண் கோடு ஏறுகிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

கதர்த் துணி, ராட்டைக் கொடி இருந்தால் மடிக்காமல், அமிலமற்ற தாள் சுற்றிய குழாயில் உருட்டி வையுங்கள். துவைக்க வேண்டாம்.

பதிவேடு

ஆங்கிலக் கட்டங்கள் பொதுவான அருங்காட்சியகத்துக்கு எழுதியவை. இந்தக் காகிதங்களுக்குப் பொருந்தவில்லை. புது நோட்டு ஒன்றில் தமிழிலேயே கட்டம் போட்டுக்கொள்வது நல்லது. எண், பொருள், அளவு, தாள் எண்ணிக்கை, மொழி, கொடுத்தவர், நிலைமை என்பவை வழக்கமானவை. இங்கே அவசியம் சேர்க்க வேண்டியவை நான்கு: ஆவணத்தில் உள்ளபடி ஊர், இன்றைய ஊர், ஆவணத்தில் உள்ளபடி தேதி, ஆங்கிலத் தேதி.

ராமநாதபுரம் மாவட்டம் 1910-இல் உருவானது, 1985-இல் மூன்றாகப் பிரிந்தது. 1942 ஆவணத்தில் ‘ராமநாதபுரம் ஜில்லா’ என்றிருக்கும் தேவகோட்டை இன்று சிவகங்கையில். ஜில்லாப் பெயரை மட்டும் பார்த்து அடுக்கினால் ஒரே வழக்கின் காகிதம் இரண்டு பெட்டிக்குப் பிரிந்துவிடும்.

தேதியில் இதைவிடப் பெரிய சிக்கல். ஜப்பானியர் பிடியில் மலேயா இருந்தபோது வந்த காகிதங்களில் 2602, 2603, 2604 என்று ஆண்டு இருக்கும். ஜப்பானிய அரசாண்டுக் கணக்கு அது: 2603 என்றால் 1943. இதைக் கோப்பு எண் என்று எழுதி வைத்த பட்டியல்கள் உண்டு. ஊர்ப் பெயர் ‘சியோனான்’ என்றிருந்தால் சிங்கப்பூர். அக்காலத்துப் பண நோட்டில் வரிசை எழுத்து ‘எம்’ என்று தொடங்கினால் மலேயாவுக்கு அச்சிட்டது, ‘பி’ என்றால் பர்மாவுக்கு. தாத்தா எந்த நாட்டிலிருந்து திரும்பினார் என்று குடும்பத்துக்கே குழப்பம் இருக்கும் இடத்தில் இந்த ஓர் எழுத்து துப்புக் கொடுக்கும்.

ஊர்க் கடிதங்களில் தமிழ் ஆண்டு: சித்திரபானு என்றால் 1942-43, தாரண என்றால் 1944-45. கீழக்கரை, தொண்டிக் குடும்பங்களில் ஹிஜ்ரி வரும், 1361 ஏறக்குறைய 1942. எழுத்து அரபுத் தமிழாக (அரபி எழுத்தில் எழுதிய தமிழ்) இருந்தால் மொழிக் கட்டத்தில் ‘அரபி’ என்று போட்டுவிடாதீர்கள். படிக்கத் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் குரலைப் பதிவு செய்துகொள்வது புத்திசாலித்தனம்.

எண்ணை ஆவணத்தின் பின்பக்க மூலையில் 2பி பென்சிலால் மெல்ல எழுத வேண்டும். பால்பாயிண்ட், ஸ்டிக்கர், வெள்ளை மை எதுவும் கூடாது. விழாக் கண்காட்சிக்கு யாராவது மூலத்தைக் கேட்டால் நகல் கொடுங்கள். மூலம் போனால் எண், தாள் கணக்கு, திருப்பும் தேதி எழுதிக் கையெழுத்து வாங்காமல் கைமாற்றக் கூடாது. தாமிரப் பத்திரங்கள் பல காணாமல் போன வழி இதுதான்.

ஸ்கேன் சேவை

தொகுப்போடு கூடுதல் காசுக்கு ஸ்கேன் செய்து தரும் சேவையும் விற்கிறார்கள். அனுப்பும் கோப்பு சுருக்கிய ஜேபெக், ஓரத்தில் அவர்கள் முத்திரை வேறு. ஆவணத்துக்கு இது உதவாது. சுருக்காத டிஃப் கேட்டு, எழுத்துக்கு 300, கையெழுத்துக் கடிதத்துக்கு 400, படத்துக்கு 600 டிபிஐ என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு ஃபுல்ஸ்கேப் பக்கம் 300 டிபிஐ வண்ணத்தில் 31 எம்பி வரும். 150 தாள் கட்டு, இரண்டு பக்கமும் சேர்த்து 300 படம், ஒன்பது ஜிபிக்கு மேல். வெற்றுப் பின்பக்கம் என்று அவர்கள் தவிர்க்கப் பார்ப்பார்கள். சிறை முத்திரையும் கருவூலச் சீலும் பெரும்பாலும் பின்பக்கம்தான், அதனால் வெற்றுப் பக்கத்தையும் எடுக்கச் சொல்லுங்கள்.

தானாகத் தாளை இழுக்கும் ஃபீடர் உள்ள ஸ்கேனர் கூடாது, ஒடிந்த தாள் உள்ளே நொறுங்கும். கண்ணாடித் தட்டு ஸ்கேனர் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். ஃபோன் படம் அவசரத்துக்கு மட்டும்: புயல் எச்சரிக்கை வந்த அன்று, மேசையில் பரப்பி, மேலிருந்து நேராக, பதிவேட்டு எண் தெரியும்படி ஒரு சீட்டு வைத்து.

காகிதம் நனைந்தே விட்டால் 48 மணி நேரத்துக்குள் உலர்த்த வேண்டும், அதற்குமேல் பூசணம். வெயிலிலும் ஹேர் டிரையரிலும் காட்டாமல், அச்சிடாத வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து மின்விசிறிக் காற்றில் தாளை அடிக்கடி மாற்றுங்கள். அத்தனையும் முடியாத அளவுக்கு இருந்தால் நனைந்தபடியே பையில் அடைத்து ஃப்ரீசரில் போட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம்.

ஸ்கேன் கோப்புகளுக்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு. ஹார்ட் டிஸ்க்கின் இணைப்பு முனையும் உப்பில் கறுக்கும், அதையும் ஜெல் பெட்டிக்குள்ளேயே வைத்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை இயக்கிப் பாருங்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி ஓர் இரவில் போன கரை இது. மூன்றாவது பிரதியை மதுரையிலோ திருச்சியிலோ இருக்கும் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, யாரிடம் இருக்கிறது என்று பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.